தாபரிப்புக் காசு 14 மாதமாக வரவில்லை, ‘ஒன்றரை இலட்சத்தோடு முடி’ என்கிறார்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 32 வயது. மகளுக்கு 10, மகனுக்கு 4. ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றிவிட்டேன். காசுக் கணக்கை மட்டும் அவர் எழுதியபடியே விட்டிருக்கிறேன். என் பதில் முழுக்க அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

பதிவுத் திருமணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். மகன் பிறந்து சில மாதங்களில் கணவர் உடுப்புப் பையோடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு (பிள்ளைப் பராமரிப்புச் செலவு) வழக்குப் போட்டு, 2022 பெப்ரவரியில் பிள்ளைக்கு 6,000 வீதம் மாதம் 12,000 ரூபாய் என்று உத்தரவு கிடைத்தது. ஏழு மாதம் வங்கிக் கணக்கில் ஒழுங்காக விழுந்தது. அப்புறம் ‘சாமான் விலை ஏறிப்போச்சு’ என்று 5,000 மட்டும். அப்படியே ஒன்றரை வருடம் போனது. கடைசி 14 மாதமாக ஒரு சதமும் இல்லை.

முன்பு மேசன் வேலை செய்தவர் இப்போது கொழும்புப் பக்கம் ஒரு கொம்பனியில் லொறிச் சாரதியாம். புது மோட்டார் சைக்கிளோடு முகநூலில் படமும் போட்டிருக்கிறார். மகனுக்கு இழுப்பு வந்து தனியார் வைத்தியரிடம் காட்டியபோதும், பள்ளி தொடங்கியபோதும் காசில்லாமல், எங்கள் வாசகி நுண்கடன் எடுத்து இப்போது கிழமைக் கிழமை கட்டுகிறார். தையல் வேலைக்கும் போகிறார். போன மாதம் மாமியார் இரண்டு உறவுக்காரரோடு வந்து, தட்டச்சு செய்த ஒரு கடதாசியை நீட்டியிருக்கிறார்: ஒன்றரை இலட்சம் ரூபாய் ஒரேயடியாகத் தருகிறோம், இனிப் பிள்ளைகளுக்கு எதுவும் கேட்கமாட்டேன், விவாகரத்துக்கும் சம்மதம் என்று கையெழுத்து வை.

“கைநீட்டி வாங்கினால் கடனை அடைக்கலாம். வாங்காவிட்டால் இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நீதிமன்றத்துக்கு அவர் கட்டாதது தெரியும்தானே, ஏன் இதுவரை ஒன்றும் செய்யவில்லை? வழக்கு முடிந்துவிட்டது என்றால் புது வழக்குப் போட வேண்டுமா? அவரை மறியலுக்கு அனுப்பினால் ஊர் என்னைத்தான் பேசும்” என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் நான் முதலில் செய்தது ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்ததுதான். நீங்களும் அதைப் போட்டுப் பாருங்கள். கடைசி 14 மாதம், மாதம் 12,000. அதுவே 168,000. அதற்கு முன் 18 மாதம் அவர் 5,000 மட்டும் போட்டார். மாதாமாதம் 7,000 குறைவு, அது 126,000. இரண்டையும் கூட்டினால் 294,000 ரூபாய். இது நீங்கள் இனிமேல் போராடி வாங்க வேண்டிய தொகையில்லை. ஏற்கெனவே நீதவான் உத்தரவிட்டு, உங்கள் பிள்ளைகளுக்கு உரித்தாகி, கட்டாமல் கிடக்கும் பாக்கி. அந்தப் பாக்கியில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவந்து, முழுவதையும் தந்தது போலக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

நீதிமன்றம் தானாக வந்து பார்க்குமா?

பார்க்காது. இதில்தான் நிறையப் பேர் வருடக்கணக்கில் ஏமாறுகிறார்கள். உத்தரவு கிடைத்த அன்றோடு வேலை முடிந்தது, இனி அவர் கட்டாவிட்டால் பொலிஸ் போய்ப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். உங்கள் உத்தரவு வங்கிக் கணக்கில் போடும்படியானது. அந்தக் கணக்கில் காசு விழுந்ததா இல்லையா என்று நீதிமன்றத்தில் யாரும் மாதாமாதம் புத்தகம் பார்ப்பதில்லை. நீங்கள் போய்ச் சொல்லும்வரை அந்தக் கோவை பதிவறை இறாக்கையில் தூசு பிடித்துக்கொண்டு கிடக்கும்.

ஆனால் அது மூடப்பட்ட கோவையில்லை. மகன் 18 வயதைத் தாண்டும்வரை, அல்லது நீதிமன்றமே அந்த உத்தரவை மாற்றும்வரை அது உயிரோடு இருக்கிறது. ஆகவே புது வழக்குத் தேவையில்லை. அதே நீதிமன்றத்தில், அதே வழக்கு இலக்கத்தில், ‘உத்தரவிட்டபடி கட்டவில்லை’ என்று விண்ணப்பம் போட வேண்டியதுதான். எந்த மாதம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு குறைவு என்று ஒரு அட்டவணையும், அது உண்மை என்று ஒரு சத்தியக்கடதாசியும் சேர்த்துக் கொடுப்பீர்கள். நீதிமன்றம் அவருக்கு அறிவித்தல் அனுப்பும்.

வழக்கு இலக்கம் மறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. உங்கள் பெயர், அவர் பெயர், உத்தரவு கிடைத்த மாதம் மூன்றையும் சொன்னால் பதிவறையில் தேடி எடுப்பார்கள். உத்தரவின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள், பல இடத்துக்கு அது தேவைப்படும்.

அந்த 5,000 விடயம். ‘வாங்கினேன்தானே, அப்ப நான் சம்மதிச்ச மாதிரி ஆகுமோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. நீதிமன்றம் போட்ட தொகையை நீதிமன்றம்தான் குறைக்கலாம். அவருக்கு உண்மையாகவே வருமானம் குறைந்திருந்தால், அவர்தான் வந்து ‘நிலைமை மாறிவிட்டது, குறைத்துத் தாருங்கள்’ என்று விண்ணப்பித்திருக்க வேண்டும். வராமல், தானே தனக்கு நீதவானாகி 12,000த்தை 5,000 ஆக்கிக்கொண்டார். குறைத்துக் கட்டிய ஒவ்வொரு மாதமும் மீதி 7,000 பாக்கியாகவே நிற்கிறது. நீங்கள் வாங்கிய 5,000ஐ மட்டும் ஒளிக்காமல் அட்டவணையில் காட்டுங்கள். கணக்கில் நேர்மை இருந்தால் நீதவான் மிச்சத்தையும் நம்புவார்.

என்னிடம் வந்த ஒரு அம்மா பிள்ளையின் பழைய ஒற்றை ரூல் கொப்பியில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கம் திகதி, நடுவில் தொகை, கடைசியில் ‘பேங்’ அல்லது ‘கையில், தம்பி கொண்டுவந்தான்’. காசு வராத மாதத்துக்குச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பி ‘என் கட்சிக்காரர் கையில் கொடுத்திருக்கிறார்’ என்று தொடங்க, நீதவான் அந்தக் கொப்பியை வாங்கிப் புரட்டிவிட்டு, ‘எந்தத் திகதி, எவர் முன்னிலையில்?’ என்று கேட்டார். அதோடு அந்தக் கதை நின்றது. நீங்களும் இன்றைக்கே ஒன்று தொடங்குங்கள். வங்கிப் புத்தகத்தை இற்றைப்படுத்திக்கொள்ளுங்கள். ‘காசு இல்ல, செய்யிறதச் செய்’ என்று அவர் அனுப்பியதாகச் சொன்ன வட்ஸ்அப் குரல்பதிவை அழிக்க வேண்டாம்.

அந்த ஒன்றரை இலட்சம்

நுண்கடன்காரர் வாசலில் நிற்கும்போது ஒன்றரை இலட்சம் பெரிய தொகையாகத்தான் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் எதை வாங்கப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். மகளுக்கு 18 வயதாக இன்னும் எட்டு வருடம். 6,000 வீதம் 576,000. மகனுக்குப் பதினான்கு வருடம், 1,008,000. இந்தத் தொகை இனி ஒருபோதும் கூடாது என்று வைத்துக்கொண்டாலும் 1,584,000 ரூபாய். பழைய பாக்கி அதற்கு வெளியே. இவ்வளவையும் ஒரு கையெழுத்தால் கழித்துவிட முடியும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முடியாது. தாபரிப்பு பிள்ளையின் உரிமை. நீங்கள் பிள்ளைக்காக வழக்காடுகிறீர்கள், அவ்வளவுதான். பிள்ளை சாப்பிட வேண்டியதைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வீட்டில் வைத்து எழுதியதோ, பொலிஸில் சமாதானம் பேசி எழுதியதோ, எந்தக் கடதாசியும் 2022இல் நீதவான் போட்ட உத்தரவை அழிக்காது.

அப்படியானால் கையெழுத்து வைத்துக் காசை வாங்கிவிட்டு, பிறகு வழக்கையும் நடத்தலாமே என்று தோன்றும். சிலர் அந்த யோசனையும் சொல்லுவார்கள். நான் வேண்டாம் என்கிறேன். அந்தக் கடதாசியில் பாக்கி முழுவதையும் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி இருந்தால், 294,000 வரவில்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். விவாகரத்துக்குச் சம்மதம் என்ற வரி இன்னும் ஆபத்து. நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் ‘இருவரும் சம்மதம்’ என்பதே விவாகரத்துக்கு ஒரு காரணமில்லை. பிறரோடு தகாத தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூன்றில் ஒன்றை யாராவது ஒருவர் மேல் நிரூபிக்க வேண்டும். விட்டுப் போனவர் அவர். ஆனால் நீங்கள் விளங்காமல் கையெழுத்து வைக்கும் கடதாசியில் கைவிட்டது நீங்கள் என்று எழுதியிருக்கலாம். அது நாளைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் உங்களுக்கே எதிராக வரும்.

விவாகரத்து வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பிள்ளைச் செலவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. விவாகரத்தானாலும் அவர் பிள்ளைகளுக்கு அப்பாதான், தாபரிப்பு ஓடும். மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் மட்டும் கிழித்துப் போடாமல், குறித்த திகதிக்குப் போய் நில்லுங்கள்.

மாமி உண்மையாகவே காசைக் கட்டித் தீர்க்க விரும்பினால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. அந்த ஒன்றரை இலட்சத்தை நீதிமன்றத்தில், வழக்கு இலக்கத்தைப் போட்டு, பாக்கியில் ஒரு பகுதியாகக் கட்டட்டும். வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டில் நீங்கள் கையெழுத்து வைக்கலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

‘வீடு வளவு உன்னட்டத்தானே இருக்கு’

மாமியார் இப்படிச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்புத் தாபரிப்பு வழக்குகளில் நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டி வைப்பது இங்கே வழக்கம் என்பதால், விட்டுப்போன மனுசன் ‘அவளுக்கு வீடு இருக்கு, எனக்குத்தான் ஒன்றுமில்லை’ என்று நிற்பார். வீடு உங்கள் தாய் தகப்பன் தந்தது. பிள்ளைக்குச் சுவரை உடைத்துக் குடுக்க முடியாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் பார்க்கச் சொல்வது பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும்தான். வாடகை இல்லாமல் இருப்பது தொகையை நிர்ணயிக்கும்போது ஓரளவு கவனத்துக்கு வரலாம், ஆனால் தகப்பனை அது விடுவிக்காது.

அதே சட்டம் ‘பெற்றோர்’ என்றுதான் சொல்கிறது. முன்பிருந்த 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆண்களின் கடமையை மட்டுமே பார்த்தது. இப்போது தாய்க்கும் கடமை உண்டு. நீங்கள் தையலால் உழைப்பதை மறைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே உங்கள் பங்கைச் சமைத்தும், தைத்தும், இரவில் இழுப்புக்கு மருந்து கொடுத்தும் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல வெட்கப்பட எதுவுமில்லை. மறைத்து, குறுக்கு விசாரணையில் பிடிபட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

‘நிரந்தர வேலை இல்லை’ என்று அவர் சொன்னாலும் பயப்பட வேண்டாம். உடம்பில் வலுவும் கையில் தொழிலும் இருக்கும் ஒருவர் உழைக்காமல் இருந்துகொண்டு ‘வசதியில்லை’ என்று சொல்வதை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே ஏற்பதில்லை. உழைக்கக்கூடிய திறனும் வசதிதான். ‘பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் கட்டவில்லை’ என்பதும் நிற்காது. பிள்ளையைப் பார்ப்பது ஒரு விடயம், பிள்ளைக்குச் சோறு போடுவது வேறொரு விடயம். இதையே மறுபக்கமும் சொல்ல வேண்டும்: காசு வரவில்லை என்பதற்காக மகள் அப்பாவோடு போனில் கதைப்பதை நீங்கள் தடுக்க வேண்டாம். அவள் கேட்டு அழுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மறியலுக்குப் போவாரா?

போகலாம். உத்தரவை மீறிக் கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியல் தண்டனை கொடுக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நீங்கள் பயப்படுவது போல, விண்ணப்பம் போட்ட மறுநாள் விலங்கு மாட்டுவதில்லை. முதலில் அறிவித்தல். வந்தால் ‘ஏன் கட்டவில்லை’ என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு பகுதியை உடனே கட்டச் சொல்லி, மிச்சத்தைத் தவணையாக்கித் திகதி போடுவார்கள். வராவிட்டால் பிடியாணை. அபராதம் அறவிடுவது போல அவர் பொருட்களிலிருந்து அறவிடவும் முடியும். அந்த மோட்டார் சைக்கிள் அவர் பெயரில் இருந்தால் சொல்லுங்கள். லீசிங்கில் எடுத்தது என்றால் அது இப்போதைக்கு லீசிங் கொம்பனியுடையது, அதில் மினக்கெட வேண்டாம்.

இவ்வளவு வருடத்தில் நான் கண்டது என்னவென்றால், பிடியாணையோடு பொலிஸ் கூட்டிவந்த பலருக்கு, காலையில் இல்லாத காசு மத்தியானத்துக்குள் எங்கிருந்தோ வந்துவிடும். அண்ணன் ஆட்டோவில் கொண்டுவருவார், இல்லாவிட்டால் தாய் காப்பைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடுவார். மறியலுக்குப் போகிறவர்கள் குறைவு. அவர்களிலும் சிலர் பிடிவாதத்துக்காகப் போகிறார்கள். அப்படிப் போய் வந்தாலும், அடுத்த மாதத்துக் காசு அடுத்த மாதம் கட்டத்தான் வேண்டும்.

ஊர் பேசும் என்பது உண்மைதான், அதை என்னால் மாற்ற முடியாது. ‘புருசனைப் பிடிச்சுக் குடுத்தவள்’ என்பார்கள். பதினான்கு மாதம் பிள்ளைக்கு ஒரு சதமும் அனுப்பாதவரைப் பற்றி அதே ஆட்கள் என்ன பேசினார்கள் என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் உங்களுக்கு மறியலைவிடப் பொருத்தமான வழி ஒன்று இருக்கிறது. அவர் இப்போது சம்பளத்துக்கு வேலை செய்கிறார். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கே நீதிமன்றம் உத்தரவிடலாம். மேசன் வேலை செய்த காலத்தில் இது சாத்தியப்படவில்லை, இப்போது சாத்தியம். அதற்குக் கொம்பனியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். அவர் போட்ட படங்களில் லொறிக் கதவில் என்ன எழுதியிருக்கிறது, சேட்டில் என்ன பட்டை இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். படத்தை அவர் அழிக்குமுன் எடுத்து வையுங்கள். அந்தக் கொம்பனி அவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறது என்றால், ‘நாட்கூலிதான்’ என்ற கதையும் எடுபடாது. சம்பள விபரத்தோடு வரும்படி கொம்பனியையே நீதிமன்றத்துக்கு அழைக்கக் கேட்கலாம்.

முகவரி விடயத்தில் இன்னொன்று. பழைய கோவையில் இருப்பது அவருடைய தாய் வீட்டு முகவரி. அறிவித்தலோ பிடியாணையோ அங்கே போய், ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரும். இப்படித் திரும்பித் திரும்பி வந்தே ஒரு வருடம் போன வழக்குகள் உண்டு. அவர் தங்கும் இடம், ஊருக்கு வரும் நாட்கள், திருவிழாவுக்கு வருவாரா, எல்லாவற்றையும் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

12,000 இனிப் போதாது

இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உங்கள் உத்தரவு 2022 பெப்ரவரியில் போட்டது. மார்ச்சில் ரூபாய் விழுந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்த 6,000 பெப்ரவரியில் வாங்கிய அரிசியையும் பால்மாவையும் அதற்குப் பிறகு ஒருநாளும் வாங்கவில்லை. ‘சாமான் விலை ஏறிப்போச்சு’ என்று அவர் 5,000 ஆகக் குறைத்தாரே, அதே காரணத்துக்காகத் தொகையைக் கூட்டத்தான் வேண்டும்.

நிலைமை மாறியிருந்தால் தொகையை மாற்றச் சட்டம் இடம் தருகிறது. மகளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது புலமைப்பரிசில் பரீட்சை, ரியூஷன், சப்பாத்து. மகனுக்கு இழுப்பு மருந்து. அவர் மேசன் கூலியிலிருந்து சாரதிச் சம்பளத்துக்கு மாறியிருக்கிறார். பாக்கி விண்ணப்பத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துக்கடை பில், ரியூஷன் காட், பள்ளிக்கூடம் கொடுத்த பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நுண்கடன் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். அந்தக் கடனை அவர் கட்ட வேண்டும் என்று உத்தரவு வராது. ஆனால் அவர் கட்டாத காலத்தில் பிள்ளைகளை எதைக் கொண்டு வளர்த்தீர்கள் என்று அது காட்டும். அவர் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தாலும், அந்த நீதிமன்றமே நிறுத்தச் சொன்னாலொழிய காசு கட்டுவது நிற்காது.

பிள்ளைகள் 18 தாண்டியும் படித்துக்கொண்டிருந்து, தாங்களே உழைக்க முடியாத நிலையில் இருந்தால், 25 வயது வரை அவர்களுக்காகக் கேட்கவும் வழி இருக்கிறது. மகள் பல்கலைக்கழகம் போகும் நாளில் இதை நினைவில் வையுங்கள்.

கட்டார் போகப் போகிறாராம்

கடிதத்தின் கடைசி வரியில் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் மிகவும் அவசரமாகத் தெரிகிறது. ஆள் விமானம் ஏறிவிட்டால் உத்தரவு இருக்கும், பாக்கி ஏறும், ஆனால் சம்பளத்தில் பிடிக்க இங்கே கொம்பனி இராது, பிடியாணையைக் கொடுக்க ஆளும் இராது. அதனால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போடுங்கள். ‘வெளிநாடு போக ஆயத்தமாகிறார்’ என்பதைச் சத்தியக்கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். பாக்கிக்கு ஒரு வழி செய்யாமல் போகவிட வேண்டாம் என்று பயணத்தடை கேட்பது பற்றிச் சட்டத்தரணியோடு கதையுங்கள். கடவுச்சீட்டு இலக்கம் தெரிந்தால் கொண்டுபோங்கள். திருமணமான புதிதில் எடுத்த பழைய பிரதி ஏதாவது அலுமாரியில் கிடக்கக்கூடும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதற்காகவே இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காகத் தாபரிப்பு வழக்குகளை இலவசமாகப் பேசுவார்கள். மட்டக்களப்பில் அவர்களுடைய நிலையம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் வருமான அத்தாட்சி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுத்துக்கொண்டு போங்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், அவர் ஆளை அனுப்பி வைப்பார்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்கும் இரண்டு வார்த்தை. கோயிலில் தாலி கட்டி, பதியாமல் வாழ்ந்து, இப்போது ‘பதிவில்லை, அதனால் உரிமையில்லை’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர். உங்கள் பிள்ளைக்கும் தாபரிப்பு உண்டு. தகப்பன் யார் என்பதை உறுதியான சாட்சியத்தால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறப்புப் பதிவில் அவர் தானே வந்து கையெழுத்து வைத்திருந்தால் வேலை சுலபம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் சகோதரிகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். உங்களுக்குப் பாதை காதி நீதிமன்றத்தில் தொடங்குகிறது. காதியார் உத்தரவிட்ட காசு வராவிட்டால், அவர் அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி அபராதம் போல அறவிட வைக்கலாம். அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

திரும்ப உங்களிடம் வருகிறேன், தங்கச்சி. ஒவ்வொரு தவணைக்கும் பாதைப் படகில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, ஒருநாள் தையல் கூலியையும் விட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று தவணைக்கு அந்த அலைச்சல் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். சம்பளத்தில் பிடிக்கும் உத்தரவு கிடைத்துவிட்டால் காசு கணக்கில் விழும், நீங்கள் வர வேண்டியதில்லை. தவணை நாளில் மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். காலை எட்டரைக்கே வந்து, உங்கள் வழக்கு இலக்கம் அன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கைக் கூப்பிடும்போது நீங்கள் இல்லாவிட்டால் அவர் தப்பிப்பதற்கு நீங்களே கதவு திறந்த மாதிரி ஆகிவிடும்.

மாமி விட்டுவிட்டுப் போன அந்தத் தட்டச்சுக் கடதாசி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். திருப்பிக் கேட்டால் கொடுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம். கொடுக்குமுன் இரண்டு பக்கத்தையும் போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஒன்றரை இலட்சம் ஒரேயடியாகத் தர முடியும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு அவர் கூண்டில் ஏறி ‘கையில் காசே இல்லை’ என்று சொல்லும்போது, உங்கள் சட்டத்தரணி அந்தப் படத்தைக் கேட்பார்.